ஐடா சிஸ்டரின் கைராசி

தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையில் இருந்த அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் பிரசவத்துக்கு வருகிறவர்கள் டாக்டர் இருக்கிறாரா என்று முதலில் கேட்க மாட்டார்கள். "ஐடா சிஸ்டர் டியூட்டியில இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். இருக்கிறாள் என்று தெரிந்ததும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு பெஞ்சில் உட்காருவார்கள்.

பிறந்து ஒரு நாளான குழந்தையின் நரம்பு தையல் நூலைவிட மெல்லியது. மற்ற நர்சுகள் மூன்று தரம் நான்கு தரம் குத்திப் பார்த்துவிட்டுக் குழந்தை வீறிட வீறிட ஐடாவைக் கூப்பிடுவார்கள். அவள் வந்து அந்தச் சிறிய புறங்கையைத் தன் விரலால் ஒருமுறை நீவிவிட்டு ஊசியை வைத்தால் அது நேராக நரம்பில் போய் நிற்கும். குழந்தை சிணுங்குவதோடு சரி. ஜனங்கள் அதைக் கைராசி என்றார்கள். ஐடாவுக்கு அதில் பெருமை இல்லாமல் இல்லை.

அவள் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான கோரமண்டலில் பிறந்தவள். அப்பா சுரங்கத்தில் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை செய்தவர். அம்மா இறந்தபோது ஐடாவுக்குப் பதினாறு வயது, தங்கை வின்னிக்கு ஒன்று. வின்னியை இடுப்பில் வைத்துக்கொண்டே பள்ளிப் படிப்பை முடித்தாள். வேலூருக்குப் போய் நர்சிங் படித்துவிட்டுத் திரும்பி வந்து, சுரங்க ஷாஃப்ட் வாயில், ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜுக்கு மணியடிக்கும் கிளாரன்ஸைக் கல்யாணம் செய்துகொண்டாள். பிள்ளை இல்லை. வின்னியே பிள்ளை என்று இருந்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் குழந்தைகளைப் பார்த்தவர் டாக்டர் சௌந்தரராஜன். நல்ல மனிதர். ஞாயிற்றுக்கிழமையிலும் ஒரு நடை வந்து தொட்டில்களைப் பார்த்துவிட்டுப் போவார். 1990-இல் நடந்த ஒன்றுதான் அவரை மாற்றியது. லேசாக உடம்பு சுட்ட ஒரு குழந்தைக்கு உடனே ஊசி போட வேண்டாம், ஒரு நாள் பார்க்கலாம் என்று காத்திருந்தார். மறுநாள் அது இறந்துபோனது. சொந்தக்காரர்கள் வந்து ஜன்னல் கண்ணாடியை உடைத்து, அவருடைய சட்டைக் காலரைப் பிடித்துத் தெருவரைக்கும் இழுத்தார்கள். அன்றைக்கு நடுவில் புகுந்து அவரை விடுவித்தவள் ஐடாதான். கிழிந்த சட்டையோடு அவர் அறைக்குள் உட்கார்ந்திருந்ததை அவள் மறக்கவில்லை.

அடுத்த வாரம் அவர் சொன்னார்: "இனிமே இங்க பொறக்கற எல்லாக் குழந்தைக்கும் முதல் நாளே மருந்து போயிடணும் சிஸ்டர். ஒரு காவலா இருக்கட்டும். போட்டும் செத்தா கடவுள் விட்ட வழி. போடாம செத்தா நம்ம தலையிலதான் விடியும்."

அது சரியாகத்தான் பட்டது. நோய் இருக்கிற குழந்தைக்கும் இல்லாத குழந்தைக்கும் கிருமியைக் கொல்லும் மருந்து ஐந்து நாள் போயிற்று. வருஷங்கள் போகப் போகத் தாய்மார்களே கேட்கத் தொடங்கினார்கள். ஊசி கொஞ்சம் தாமதமானால், "இன்னா சிஸ்டர், எம் புள்ளைக்கு மட்டும் போடலியா?" என்று முகம் வாடினார்கள். ஊசி போடாத குழந்தை கவனிக்கப்படாத குழந்தை என்று ஆகிவிட்டது.

96-இல் முதல் மருந்து சரியாகக் கேட்கவில்லை என்று டாக்டர் வேறொன்றுக்கு மாறினார். மாறிய புதிதில் அற்புதமாக இருந்தது. ஒன்றரை வருஷத்தில் அதுவும் மந்தமாயிற்று. இன்னும் பெரிய மருந்து ஒன்று வந்தது. அதையும் எல்லாக் குழந்தைக்கும் போட்டார்கள். போட்டவள் ஐடா.

1998 ஆகஸ்டில் ஒரு மாதத்துக்குள் மூன்று குழந்தைகள் இறந்தன.

மூன்றும் ஒரே மாதிரி இறந்தன. பிறந்து மூன்றாம் நாளோ நான்காம் நாளோ பால் குடிப்பதை நிறுத்தும். காய்ச்சல்கூட இருக்காது. உடம்பு சில்லிட்டுப் போகும். வயிறு உப்பும். முனகல் ஒன்று வரும், பூனைக்குட்டி எங்கேயோ மூடிய அறைக்குள் கிடந்து முனகுவதுபோல. கடைசியில் தொடையிலும் முதுகிலும் தோல் மெழுகாக இறுகி, கிள்ளினால் விரலில் பிடிபடாது. அந்த இறுக்கத்தைத் தொட்டுவிட்டால் ஐடாவுக்குத் தெரிந்துவிடும். அதற்கப்புறம் அவள் தாயின் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

முதல் இரண்டையும் குறைமாதம் என்று டாக்டர் சொன்னார். மூன்றாவது நிறைமாதக் குழந்தை. மூன்று கிலோ. பிறந்தபோது வராந்தாவரை கேட்க அழுதது.

செப்டம்பரில் நாலாவது குழந்தை பாலை மறந்தபோது ஐடா கேட்டாள். "ரத்தத்த பெங்களூருக்கு அனுப்பிப் பாக்கலாமா டாக்டர்? இன்னா கிருமின்னாவது தெரியட்டும்." இங்கே கிருமியை வளர்த்துப் பார்க்கிற வசதி எதுவும் இல்லை. டாக்டர் சிறிது யோசித்துவிட்டு, "யார் கொண்டுபோறது?" என்றார்.

"நானே போறேன்."

கிருமி வளர்க்கும் கரைசலில் கொஞ்சம் ரத்தம் கலந்த குப்பி குளிர்ந்துவிடக் கூடாது. அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கோரமண்டல் ஸ்டேஷனில் காலை வண்டி ஏறினாள். பெங்களூருக்கு வேலைக்குப் போகிற கூட்டம். மடியில் என்ன என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டதற்கு ஐடா மருந்து என்றாள்.

பரிசோதனைக் கூடத்தில் அவளைப் பார்த்துக்கொண்டவன் கொர்னேலியஸ். மாரிகுப்பத்துக்காரன், வயது முப்பதுக்குள். ஊர்ப்பேச்சைக் கேட்டதுமே நாற்காலி எடுத்துப் போட்டான். மூன்று நாள் கழித்து வரச் சொன்னான். மூன்று நாள் கழித்து அவள் போனபோது அந்தக் குழந்தை இறந்து ஒரு நாள் ஆகியிருந்தது.

கொர்னேலியஸ் மூடி போட்ட வட்டமான கண்ணாடித் தட்டு ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினான். தட்டு முழுக்கப் பாலாடை படிந்தாற்போல் கிருமி வளர்ந்திருந்தது. நடு நடுவே சின்னச் சின்னதாக வெள்ளை வில்லைகள்.

"இந்த வில்லை ஒவ்வொண்ணும் ஒரு மருந்து சிஸ்டர். மருந்து வேலை செஞ்சா, வில்லையச் சுத்தி கிருமி மொளைக்காது. சுத்தமா ஒரு வட்டம் உழும். பாருங்க, எங்கனா உழுந்துக்குதா?"

ஐடா பார்த்தாள். அவர்கள் போடுகிற மருந்து, அதற்கு முன் போட்டது, அதற்கும் முன் போட்டது எல்லாம் அந்தத் தட்டில் இருந்தன. கிருமி வில்லைகளின் விளிம்பை உரசிக்கொண்டு வளர்ந்திருந்தது. ஓரத்தில் ஒரே ஒரு வில்லையைச் சுற்றி மட்டும் வெறும் வட்டம்.

"அது இன்னாது?"

"இப்பத்தான் வந்துக்குது. நம்மூரு கடையில கெடைக்காது. இந்தக் கிருமிக்கு கிளெப்சியெல்லான்னு பேரு. எல்லார் வயித்துலயும் இருக்கறதுதான். ஆனா இது..." அவன் நிறுத்திவிட்டு, "கொழந்தைங்களுக்கு மருந்து எப்ப ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டான்.

"பொறந்த அன்னிக்கே."

"நோவு இருந்தாவா?"

"எல்லாத்துக்குமே."

"எத்தினி வருசமா?"

"எட்டு வருசமா."

கொர்னேலியஸ் தட்டைக் கீழே வைத்தான். "கோவிச்சிக்காதீங்க சிஸ்டர். சாவற கிருமியெல்லாம் கொன்னுட்டு, சாவாத கிருமிக்கு வீட்டக் காலி பண்ணிக் குடுத்துக்கினு இருந்துக்கீறீங்க."

அது எங்கே தங்கியிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்று சொல்லி அவளிடம் புதுத் தட்டுகளையும் பஞ்சு சுற்றிய குச்சிகளையும் கொடுத்தனுப்பினான். வார்டில் தொட்டில், குழாய், சளி உறிஞ்சும் குழல், மருந்துப் பொடியைக் கரைக்கிற குளுக்கோஸ் பாட்டில் என்று ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்தாள். அந்தப் பாட்டிலின் ரப்பர் மூடியில் காலையில் ஓர் ஊசியைச் செருகினால் மறுநாள் காலைவரை அது அப்படியே நிற்கும். எல்லாக் குழந்தைக்கும் அதிலிருந்துதான் எடுப்பார்கள். எல்லா இடத்திலும் அப்படித்தான் செய்தார்கள். கடைசியாக, கொர்னேலியஸ் சொன்னபடி, வேலைக்கு நடுவில் ஒரு தட்டைத் திறந்து தன் வலது கை விரல்கள் ஐந்தையும் அதில் அழுத்தி மூடினாள்.

அந்தத் தட்டைப் பார்த்த நாளை அவள், இதை எழுதுகிற என்னிடம் இரண்டு தரம் சொல்லியிருக்கிறாள். இரண்டு தரமும் பாதியில் எழுந்து போய்விட்டாள். தட்டில் ஐந்து விரல்களும் அச்சாக விழுந்து, ஒவ்வொரு விரல் நுனியும் சளிபோலப் பளபளத்து வளர்ந்திருந்தது. மோதிரம் போட்டிருந்த விரலில் அடிவரை வளர்ந்திருந்தது. குளுக்கோஸ் பாட்டிலிலும் அதே கிருமி. இறந்த குழந்தையின் ரத்தத்தில் இருந்த அதே கிருமி.

"உங்க ஒருத்தர் கை மட்டும் இல்ல சிஸ்டர், அங்க வேல செய்யற எல்லார் கையிலயும் இருக்கும்," என்றான் கொர்னேலியஸ். அவளுக்கு அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. யார் நரம்பு கிடைக்கவில்லை என்று கூப்பிட்டாலும் ஓடிப்போனது அவள் கைதான். ஒரு தொட்டிலிலிருந்து அடுத்த தொட்டிலுக்கு.

ஊருக்கு வந்ததும் மோதிரத்தைக் கழற்றப் பார்த்தாள். இருபது வருஷ மோதிரம், வரவில்லை. பத்தரிடம் போய் வெட்டி எடுக்கச் சொன்னாள். கிளாரன்ஸ் அந்த வெறும் விரலைப் பார்த்தான். ஏன் என்று கேட்டான். அவள் சொன்னதை முழுதாகக் கேட்டுவிட்டு, "நீ வேணும்னு செய்யல," என்றான்.

"வேணும்னு செய்யலன்னு செத்தது திரும்பி வருமா," என்றாள் ஐடா.

டாக்டர் பரிசோதனைக் காகிதங்களை நெடுநேரம் படித்தார். பாட்டிலை மாற்றலாம், கை கழுவ ஏற்பாடு செய்யலாம் என்றார்.

"அது போதாது டாக்டர். நல்லா இருக்கற கொழந்தைக்கு ஊசிய நிறுத்தணும். வார்டைக் கொஞ்ச நாளு மூடிக் கழுவணும்."

"நிறுத்தி, அதுல ஒண்ணு போச்சுன்னா? அன்னிக்கி நீங்க பார்த்தீங்க இல்ல சிஸ்டர், என்ன ஆச்சுன்னு?"

"பாத்தேன். இப்ப நாலு போயிருக்குது."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மூடுவது தன் கையில் இல்லை, முதலாளியைக் கேளுங்கள் என்றார். முதலாளி அவளை உட்காரச் சொல்லிப் பேசினார். சுரங்கமே இன்றைக்கோ நாளைக்கோ என்று இருக்கிறது, ஊரில் ஏற்கெனவே பயம், இந்த நேரத்தில் இந்தப் பேச்சு வெளியே போனால் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற முப்பது குடும்பம் தெருவுக்கு வரும் என்றார். "வெளிய யாருகிட்டயும் பேச வேணாம் சிஸ்டர்," என்றார். மிரட்டவில்லை. கெஞ்சுவது மாதிரியே சொன்னார். ஐடா சரி என்று எழுந்து வந்தாள். வார்டில் பாட்டில்கூட மாறவில்லை.

அப்போது வின்னிக்கு எட்டாம் மாதம். கல்யாணமாகி ஆறு வருஷத்துக்குப் பிறகு உண்டாகியிருந்தாள். அக்கா கையில்தான் பிரசவம் என்று தொடக்கத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நீ கோலாருக்குப் போ வின்னி. அங்க பெரிய ஆஸ்பத்திரியில பாத்துக்குவாங்க," என்றாள் ஐடா.

"நீ இருக்கற எடத்த உட்டுட்டு நான் இன்னாத்துக்குக்கா கோலாருக்குப் போவணும்? ஊரே உன்ன தேடிக்கினு வருது."

"சொன்னதக் கேளு."

"எதுக்குன்னு சொல்லு."

ஐடா சொல்லவில்லை. வின்னி அழுதாள். இரண்டு நாள் பேசவில்லை. பிறகு கோலாரில் இருந்த நாத்தனார் வீட்டுக்குப் போனாள். நவம்பரில் அங்கே சுகப்பிரசவம், ஆண் குழந்தை.

வின்னி கோலாருக்குப் போன அதே வாரம்தான் மமதா ஐடாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டது. மமதா பெமல் நகர் ஃபாக்டரிக் குடியிருப்பில் இருந்தாள். கணவன் பிரதாப் ஃபாக்டரியில் வெல்டிங் பிரிவில் மேற்பார்வையாளன். முதல் பிள்ளை. மாதா மாதம் பரிசோதனைக்கு வருகிறவள், ஐடாவோடு நன்றாகப் பழகியிருந்தாள். வராந்தாவில் வேறு இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி அறைக் கதவு திறந்திருந்தது.

"எங்க மாமியாரு பெங்களூருக்கே போயிடலாம்ங்கறாங்க சிஸ்டர். நான்தான், ஐடா சிஸ்டரு கைராசி வேற எங்க கெடைக்கும், இங்கயே வெச்சிக்கலாம்னு அடம் புடிச்சேன். சரிதானே?"

ஐடா வாயைத் திறந்தாள். அந்தப் பெண்கள் இருவரும் அவளைப் பார்த்தார்கள். திறந்த கதவைப் பார்த்தாள்.

"இன்னும் நாள் இருக்குதே. பாத்துக்கலாம்," என்றாள்.

மமதா அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போனாள். அவளைத் தெருவில் பிடித்துச் சொல்லிவிடலாம் என்று ஐடா நினைத்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். அடுத்த மாதப் பரிசோதனைக்கு வரும்போது சொல்லலாம் என்று நினைத்தாள். அடுத்த மாதம் அவள் வந்த அன்று ஐடா மருந்து அறைக்குள் போய் நின்றுகொண்டாள்.

99 ஜனவரியில் மமதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ரோஜா நிறம், தலை நிறைய முடி. ஐடா முழங்கைவரை சோப்புப் போட்டுத் தோல் எரியும்வரை கழுவிக்கொண்டு அதைத் தூக்கினாள். தொட்டிலில் போடாமல் தாயின் மார்பிலேயே வைத்தாள். "யாரு கேட்டாலும் கொழந்தையக் கீழ உடாத. தாய்ப்பால் தவிர ஒண்ணும் வேணாம்," என்று சொன்னாள். டாக்டரிடம் போய் இந்தக் குழந்தைக்கு ஊசி வேண்டாம் என்று கேட்டாள். அவர், "ஒரு குழந்தைக்கு மட்டும் எப்படி விடறது?" என்றார்.

இரண்டு நாள் அவள் தள்ளிப்போட்டாள். மூன்றாம் நாள் ஞாயிறு. அவள் கோயிலுக்குப் போயிருந்தபோது வேறொரு நர்ஸ் வழக்கம்போல் குழந்தையை வார்டுக்குத் தூக்கிப்போய், வழக்கமான பாட்டிலில் மருந்தைக் கரைத்து, வழக்கம்போல் ஊசி போட்டாள். அவள்மேல் குற்றம் சொல்ல முடியாது. யாரும் அவளுக்கு எதுவும் சொல்லியிருக்கவில்லை.

புதன்கிழமை காலை ஐடா உள்ளே நுழைந்ததும் மமதா, "ராத்திரியிலேர்ந்து சரியா குடிக்கல சிஸ்டர். தூக்கம் போல," என்றாள். ஐடா குழந்தையின் காலைத் தொட்டாள். சில்லென்றிருந்தது.

அன்றைக்குத்தான் அவள் முதல் தடவையாக டாக்டர் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தாள். "அந்த ஒரு மருந்து மட்டும்தான் கேக்கும். வேற எதையும் போட்டு நேரத்தப் போக்காதீங்க. உங்க கால்ல உழறேன் டாக்டர்," என்றாள். சௌந்தரராஜன் சீட்டு எழுதினார். ஐடா கொர்னேலியஸுக்குப் போன் போட்டாள். பிரதாப் மோட்டார் சைக்கிளில் பெங்களூருக்குப் பறந்தான். கொர்னேலியஸ் எங்கெங்கோ அலைந்து மருந்தை வாங்கித் தயாராக நின்றான். பிரதாப் திரும்பி வருவதற்குள் குழந்தைக்கு வலிப்பு வந்துவிட்டது. கிருமி மூளையின் உறைக்குப் போயிருந்தது.

இருபத்தொரு நாள். பாதி நாட்கள் இருக்குமா போகுமா என்றே கழிந்தன. ஐடா வீட்டுக்குப் போகவில்லை என்றே சொல்லலாம். பிறகு ஒரு காலை குழந்தை வாயைச் சப்புக்கொட்டிப் பாலைத் தேடியது. வார்டில் இருந்த எல்லோரும் அழுதார்கள். மமதா குழந்தையை ஐடாவின் காலடியில் வைத்து எடுத்தாள். "எமன் வாயிலேர்ந்து புடுங்கிக் குடுத்துட்டீங்க," என்றாள். மாமியார் கற்கண்டை அவள் வாயில் போட்டாள். ஐடா அதை விழுங்கினாள். குழந்தைக்கு ரஷ்மி என்று பெயர் வைத்தார்கள். அவள் கைராசிக்கு ஊரில் இன்னும் பேர் கூடியது.

மார்ச்சில் மேலும் இரண்டு குழந்தைகள் போனபின் டாக்டர் பிடிவாதம் பிடித்து வார்டை இருபது நாள் மூட வைத்தார். சுவரைச் சுரண்டி வெள்ளையடித்தார்கள். தொட்டில்களைக் கொதிநீரில் கழுவினார்கள். பாட்டிலில் ஊசி செருகி வைக்கும் பழக்கம் நின்றது. திறந்தபின் மூன்று மாதம் ஒரு சாவும் இல்லை. நோயில்லாத குழந்தைக்கு மருந்தே கிடையாது. ஐடா நன்றாகத் தூங்கத் தொடங்கினாள்.

மழைக்காலத்தில் ஒரு குழந்தை, என்ன காரணத்தாலோ, இறந்தது. அப்பா பஞ்சாயத்தில் செல்வாக்கு உள்ளவர். சத்தம் பெரிதாயிற்று. அடுத்த வாரம் மருந்து அலமாரியைத் திறந்த ஐடா, ரஷ்மியைப் பிழைக்க வைத்த அந்தப் புது மருந்து இரண்டு அடுக்கு நிறைய வைத்திருப்பதைப் பார்த்தாள்.

"எல்லாக் குழந்தைக்குமா?" என்று கேட்டாள்.

டாக்டர் அவளைப் பார்க்காமல், "கொஞ்ச நாளைக்கு. ஒரு காவலா," என்றார்.

"இதுவும் போயிட்டா அப்புறம் ஒண்ணும் இல்ல டாக்டர்."

"தெரியும் சிஸ்டர்."

"நான் போட மாட்டேன்."

அவளை வெளிநோயாளிகள் பிரிவுக்கு மாற்றினார்கள். ஊசியை வேறு கை போட்டது.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் பெமல் நகரில் மமதா வீட்டுக்குப் போனாள். ரஷ்மிக்கு ஒன்பது மாதம் நடந்தது. கூடத்தில் பாயில் உட்கார்ந்து மரச்சொப்பைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தாள். கொழுகொழுவென்று இருந்தாள். ஐடாவைக் கண்டதும் சிரித்தாள். மமதா காபி கொண்டுவந்தாள்.

"தூக்கத்துல இவள மாதிரி யாரும் இல்ல சிஸ்டர். ஃபாக்டரி சங்கு ஊதினாகூட அசைய மாட்டா. பக்கத்து வீட்டுப் புள்ளைங்கல்லாம் அலறி எழுந்துக்கும். இவ அப்படியே தூங்குவா."

ஐடா டம்ளரை வைத்துவிட்டுக் குழந்தையின் பின்னால் போய் நின்றாள். இரண்டு கையையும் பலமாகத் தட்டினாள். ரஷ்மி சொப்பைத் தட்டிக்கொண்டிருந்தாள். இன்னொரு தரம் தட்டினாள். பிறகு சமையலறையில் இருந்து ஒரு தாம்பாளத்தை எடுத்து வந்து குழந்தையின் முதுகுக்குப் பின்னால் தரையில் போட்டாள். தெருவில் நாய் குரைத்தது. ரஷ்மி திரும்பவில்லை.

மமதா நின்ற இடத்தில் நின்றாள். "வெளையாட்டுல கவனமா இருக்கா," என்றாள். பிறகு, "இல்ல சிஸ்டர்?" என்றாள்.

ஐடா தரையில் உட்கார்ந்தாள். அன்றைக்குத்தான் சொன்னாள். எட்டு வருஷ ஊசியை, தட்டை, ஐந்து விரலை, பாட்டிலை. மூளைக்குப் போன கிருமி காதை எடுத்துக்கொண்டு போகும் என்பதை. ஒன்றும் மறைக்கவில்லை. வின்னியைக் கோலாருக்கு அனுப்பியதையும் சொன்னாள்.

மமதா அழுகையில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ, நான் வராந்தாவுல வந்து கேட்ட அன்னிக்கி உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"உங்க தங்கச்சி அப்பவே போயிட்டாங்களா?"

"ரெண்டு நாளு முன்னாடி."

ரஷ்மி தவழ்ந்து வந்து ஐடாவின் புடவையைப் பிடித்தாள். மமதா குழந்தையை வாரி எடுத்துக்கொண்டாள். "போங்க," என்றாள். ஐடா எழுந்து வாசலுக்கு வந்தபோது பின்னால் குரல் கேட்டது. "இப்ப எங்கிட்ட சொன்னத எழுதிக் குடுங்க. ஒண்ணு உடாம. கையெழுத்துப் போட்டு."

நாலு பக்கம் எழுதினாள். பெங்களூரில் பரிசோதித்து இரண்டு காதும் கேட்காது என்று எழுதிக் கொடுத்த காகிதத்தோடு சேர்த்து பிரதாப் அதைக் கோலாரில் மாவட்ட அலுவலகத்தில் கொடுத்தான். அவன் ஐடாவிடம் அன்றும் பேசவில்லை, அதற்கப்புறமும் பேசவில்லை. இரண்டு மாதம் கழித்து ஓர் அதிகாரி வந்தார். முந்தின நாள் கழுவிய வார்டைப் பார்த்தார். டாக்டர் சௌந்தரராஜனிடம் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றார் டாக்டர். ஐடாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கோரமண்டலில் சிலர் அவளை எட்டப்பன் என்றார்கள். சிலர் கொலைகாரி என்றார்கள். இரண்டாவதற்கு அவள் பதில் சொன்னதில்லை.

2001 பிப்ரவரி கடைசியில் சுரங்கத்தை மூடினார்கள். கிளாரன்ஸ் வீட்டில் உட்கார்ந்தான். ஐடா காலையில் கிளம்பிச் சுரங்கக் குடியிருப்புகளில் லைன் லைனாக நடப்பாள். ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையோடு வந்திருக்கிற வீடுகளில் ஏறி, பால் குடிக்கிறதா, கால் வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று பார்ப்பாள். யாரும் கூப்பிட்டுப் போவதில்லை. கதவைச் சாத்திய வீடுகளும் உண்டு.

ஏப்ரலில் மாரிகுப்பத்தில் ஒரு வீட்டில் மங்கம்மா என்கிற பெண், பிறந்து ஐந்து நாளான குழந்தையை நீட்டினாள். "நேத்துலேர்ந்து பாலே எடுக்கல. ஆஸ்பத்திரியில அஞ்சு ஊசி போட்டுத்தான் அனுப்பினாங்க. அப்புறம் இன்னா வரப்போவுது?" சீட்டைக் காட்டினாள். அந்தக் கடைசி மருந்தின் பெயர் எழுதியிருந்தது. குழந்தையின் தொடைத் தோல் ஐடாவின் விரலுக்குப் பிடிபடவில்லை.

அவர்களோடு தானும் பெங்களூருக்குப் போனாள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே எல்லாம் செய்தார்கள். கொர்னேலியஸ் ரத்தத்தை எடுத்துக்கொண்டு ஓடினான். குழந்தை மறுநாள் பத்து மணிக்கு இறந்தது. இரண்டு நாள் கழித்து அவன் போன் செய்து, "ஒண்ணுத்துக்கும் கேக்கல சிஸ்டர். எதுக்குமே," என்றான்.

ஐடா இரண்டாவது மனுவை எழுத உட்கார்ந்தாள். எழுதி முடித்த மாலை வாசலில் டாக்டர் சௌந்தரராஜன் நின்றிருந்தார். மங்கம்மாவின் குழந்தையைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார். கிளாரன்ஸ் எழுந்து நாற்காலியைக் கொடுத்தான். அவர் உட்காரவில்லை. நின்றபடியே ஆறு பக்கத்தையும் படித்தார். இறந்த குழந்தைகளின் கணக்கு இருந்த இடத்தில் நிறுத்தி, "இது தப்பு. பதினொண்ணு இல்ல, பதினாலு," என்று திருத்தினார். பிறகு ஐடாவின் பெயருக்குக் கீழே தன் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மனு மே மாதம் முதல் வாரம் போயிற்று. நான் இதை எழுதும்வரை பதில் வரவில்லை. வார்டில் இப்போது தொட்டில்களைப் பத்தாகக் கூட்டியிருக்கிறார்கள்.